டன்னுக்கு எத்தனை யூனிட்?



துவரை உடைக்கும் மில்காரரிடம் நாம் முதலில் கேட்பது என்ன? "நூறு கிலோவுக்கு எத்தனை கிலோ பருப்பு விழுகிறது?" என்பதுதான். ஒருவர் எழுபது என்பார். அடுத்த தெருவில் இருப்பவர் எழுபத்து மூன்று என்பார். அந்த மூன்று கிலோ எங்கே போயிற்று, தோலில் போயிற்றா, குருணையில் போயிற்றா என்று விசாரிக்காமல் நாம் எழுந்து வருவதில்லை. புளிக்குக் கொட்டைக் கழிவு, வற்றலுக்குக் காய்ச்சல் கழிவு, வெல்லத்துக்கு ஒழுகல் என்று ஒவ்வொரு சரக்குக்கும் ஓர் அளவு நம் மனதில் இருக்கிறது. அந்த அளவுக்கு மேல் கழிவு காட்டுகிறவரிடம் அடுத்த முறை கொள்முதல் இல்லை.

இதே கேள்வியைப் பெரிய ஆலைகளிடம் நாம் கேட்பதில்லை. கம்பெனியிலிருந்து விலை உயர்வு அறிவிப்பு வருகிறது. முன்பு தபாலில் வந்தது. இப்போது வாட்ஸ்அப்பில் வருகிறது. வாசகம் மட்டும் மாறவில்லை. "நிலக்கரி, மின்சாரச் செலவு உயர்ந்துவிட்ட காரணத்தால்" என்று தொடங்கும். நாமும் பழைய விலையை அழித்துப் புது விலையை எழுதுகிறோம். வாடிக்கையாளர் கோபப்படுவது நம்மிடம். கம்பெனி முதலாளியை அவர் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. உயர்ந்த செலவில் எவ்வளவு நியாயமானது, எவ்வளவு அந்த ஆலையின் ஊதாரித்தனம் என்று பிரித்துப் பார்க்க நம்மிடம் ஓர் அளவுகோல் வேண்டாமா? அதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

அளவுகோல் என்றால் என்ன?

"பெஞ்ச்மார்க்" என்று தொழில் உலகில் சொல்கிறார்கள். நம் பாஷையில் ஒப்பளவு என்று வைத்துக் கொள்வோம். ஒரு டன் சரக்கு செய்ய எவ்வளவு எரிசக்தி செலவாகிறது என்று கணக்கெடுத்து, அதே சரக்கை அதே முறையில் செய்கிற மற்ற ஆலைகளோடு ஒப்பிட்டுப் பார்ப்பது. இதில் ராக்கெட் விஞ்ஞானம் எதுவும் இல்லை. ஆலையின் கேட்டுக்குள் எவ்வளவு நிலக்கரி, எண்ணெய், மின்சாரம் போகிறது, கேட்டுக்கு வெளியே எவ்வளவு சரக்கு வருகிறது என்று பார்ப்பதுதான். நம் கடையில் வரவுப் புத்தகமும் பற்றுப் புத்தகமும் எப்படியோ, அதே கணக்குதான்.

சிமெண்டை எடுத்துக் கொள்வோம். நம்மில் பலர் மளிகையோடு சிமெண்ட் ஏஜென்சியும் வைத்திருப்பவர்கள். சுண்ணாம்புக் கல்லையும் களிமண்ணையும் அரைத்து, சூளையில் சுமார் 1,450 டிகிரி சூட்டில் வேக வைத்தால் கிளிங்கர் என்னும் கட்டி கிடைக்கும். அதோடு ஜிப்சம் முதலானவற்றைச் சேர்த்து அரைத்தால் சிமெண்ட். சூளைக்கு நிலக்கரி வேண்டும், அரைக்க மின்சாரம் வேண்டும். சுமார் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் வெளியான கணக்குப்படி, இந்திய ஆலைகளின் சராசரி ஒரு கிலோ கிளிங்கருக்கு 725 கிலோ கலோரி, ஒரு டன் சிமெண்டுக்கு 80 யூனிட் மின்சாரம். அதே சமயம், நம் நாட்டிலேயே சிறந்த ஆலை சுமார் 670 கிலோ கலோரியிலும் 67 யூனிட்டிலும் அதே வேலையை முடித்துக் கொண்டிருந்தது.

வித்தியாசம் சிறியதாகத் தோன்றலாம். ஆண்டுக்கு 10 லட்சம் டன் செய்கிற ஓர் ஆலைக்குப் பெருக்கிப் பாருங்கள். டன்னுக்கு 13 யூனிட் என்றால் ஆண்டுக்கு 1 கோடியே 30 லட்சம் யூனிட். யூனிட் 7 ரூபாய் என்று வைத்துக் கொண்டால் 9 கோடியே 10 லட்சம் ரூபாய். மூட்டைக்குச் சுமார் நாலரை ரூபாய். நிலக்கரியில், டன் கிளிங்கருக்கு 55,000 கிலோ கலோரி மிச்சம் என்பது கிலோவுக்கு 5,000 கிலோ கலோரி தரும் கரியில் 11 கிலோ. பத்து லட்சம் டன்னுக்கு 11,000 டன் கரி. பத்து டன் லாரியில் ஏற்றினால் 1,100 லோடு. நாலரை ரூபாயும் சிறு தொகையல்ல என்பது மூட்டைக்கு இரண்டு மூன்று ரூபாய் லாபத்தில் வியாபாரம் செய்கிற நமக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

கட்டுப்பாட்டுக் காலம் தந்த பாடம்

சிமெண்டுக்குப் பெர்மிட் வாங்கிய காலம் மூத்த வணிகர்களுக்கு நினைவிருக்கும். கல்யாணத்துக்குச் சர்க்கரையும் வீடு கட்டச் சிமெண்டும் தாலுகா ஆபீசில் மனுக் கொடுத்து வாங்கிய காலம் அது. 1982 பிப்ரவரியில் சிமெண்டுக் கட்டுப்பாடு பகுதியாகத் தளர்ந்தது. 1989 மார்ச்சில் முழுவதும் நீங்கியது.

அந்தக் காலத்துச் சூளைகள் எப்படிப்பட்டவை? 1960-ஆம் ஆண்டில் நம் நாட்டுச் சூளைகளில் பத்தில் ஒன்பதுக்கு மேல் ஈர முறையில் ஓடியவை. கல்லை அரைத்துத் தண்ணீர் கலந்து கூழாக்கிச் சூளையில் விடுவார்கள். கூழில் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர். முதலில் அந்தத் தண்ணீர் ஆவியாகிப் போக வேண்டும். அதற்கும் கரி எரிய வேண்டும். ஈர நெல்லை எடை போட்டு வாங்கிய கதைதான். இன்றைய உலர் முறைக்கு ஆகும் கரியைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு அதற்கு ஆயிற்று. அடக்க விலைக்கு மேல் இவ்வளவு என்று சர்க்கார் விலை நிர்ணயித்துக் கொடுத்தபோது, அடக்க விலையைக் குறைக்க யாருக்கு அவசரம்? கட்டுப்பாடு போய், பக்கத்து ஆலையின் மூட்டை நம் கடை வாசலில் வந்து இறங்கிய பிறகுதான் எல்லோருக்கும் கணக்குப் போடத் தோன்றியது. இன்று ஈர முறை அநேகமாக மறைந்துவிட்டது. உலகத்தின் சிக்கனமான ஆலைகளில் சில இந்தியாவில்தான் இருக்கின்றன. ஒப்பிட்டுப் பார்க்க ஆள் இருந்தால்தான் மனிதன் திருந்துவான் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டியதில்லை.

சிக்கனம் எங்கே கிடைக்கிறது?

சூளையின் மேல் அடுக்கடுக்காக இருக்கும் சூடேற்றிகளில் இரண்டு அடுக்கு கூட்டினால், வெளியே போகும் சூடு உள்ளே வரும் கல்லைக் காய்ச்சிவிடும். அதற்கு மேலும் மிஞ்சும் சூட்டில் நீராவி எடுத்து மின்சாரம் செய்யலாம். பழைய உருண்டை மில்லுக்குப் பதில் செங்குத்து உருளை மில் வைத்தால் அரைக்கும் மின்சாரத்தில் பெரும் பகுதி மிச்சம். பெரிய விசிறிகளைத் தட்டி போட்டு அடைத்துக் காற்றைக் குறைப்பதற்குப் பதில், மோட்டார் வேகத்தையே குறைத்தால், வேகத்தில் ஐந்தில் ஒரு பங்கு குறையும்போது மின்சாரம் ஏறக்குறைய பாதியாகிவிடும். காற்றழுத்தக் குழாய்களில் ஒழுகலை அடைத்தாலே, பராமரிப்பு இல்லாத ஆலைகளில் கம்ப்ரஸர் மின்சாரத்தில் ஐந்தில் ஒரு பங்கு மிஞ்சும். இவற்றில் சிலவற்றுக்குக் கோடிக் கணக்கில் முதல் வேண்டும். சிலவற்றுக்கு ஒரு ஃபிட்டரும் கவனமும் போதும்.

நாம் விற்கும் சோப்புக்கும் இது பொருந்தும். சோப்புக்குக் காஸ்டிக் சோடா வேண்டும். அது உப்புக் கரைசலில் மின்சாரம் பாய்ச்சிச் செய்வது. பாதரசம் வைத்துச் செய்த பழைய முறையில் ஒரு டன்னுக்கு 3,000 யூனிட்டுக்கு மேல் ஆயிற்று. சவ்வு வைத்துச் செய்யும் புதிய முறையில் 2,500 யூனிட்டைச் சுற்றியே முடிகிறது. பாதரச நஞ்சும் இல்லை. இந்தியாவில் இந்தத் தொழில் ஏறக்குறைய முழுவதும் புதிய முறைக்கு மாறிவிட்டது. முடியாது என்று சொன்னவர்கள் எல்லாம் முடித்துக் காட்டினார்கள்.

சர்க்கார் செய்தது என்ன?

எரிசக்தி சேமிப்புச் சட்டம் 2001-ல் நிறைவேறி, 2002 மார்ச் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அதன் கீழ் எரிசக்தித் திறன் பணியகம் அமைந்தது. 2010-ல் சட்டத்தைத் திருத்தி, 2012 முதல் "பாட்" என்று சுருக்கமாக அழைக்கப்படும் திட்டத்தைக் கொண்டு வந்தார்கள். அனல் மின்சாரம், உருக்கு, சிமெண்ட், உரம், அலுமினியம், காகிதம், துணி, காஸ்டிக் சோடா ஆகிய எட்டுத் தொழில்களில் 478 ஆலைகள் முதல் சுற்றில் சேர்க்கப்பட்டன. சிமெண்ட், உருக்கு போன்றவற்றில் ஆண்டுக்கு 30,000 டன் எண்ணெய்க்குச் சமமான எரிசக்தி செலவழித்த ஆலைகள் அப்போது இதில் வந்தன. ஒரு டன் எண்ணெய்க்குச் சமம் என்றால் ஒரு கோடி கிலோ கலோரி. மின்சாரக் கணக்கில் 11,630 யூனிட்.

ஒவ்வோர் ஆலைக்கும் 2007-08 முதல் 2009-10 வரையிலான மூன்று ஆண்டுச் சராசரியை அடிப்படையாக வைத்து, 2014-15-க்குள் இவ்வளவு குறைக்க வேண்டும் என்று இலக்குக் கொடுத்தார்கள். இலக்குக்கு மேல் மிச்சம் பிடித்தால், மிச்சமான ஒவ்வொரு டன்னுக்கும் ஒரு சான்றிதழ். இலக்கை எட்டாதவர் அந்தச் சான்றிதழை விலைக்கு வாங்கிக் கணக்கை நேர் செய்ய வேண்டும், தவறினால் அபராதம்.

பலன் இல்லை என்று சொல்லக் கூடாது. 66 லட்சத்து 86 ஆயிரம் டன் என்பது இலக்கு. மிச்சமானது சுமார் 86 லட்சத்து 70 ஆயிரம் டன். சிமெண்டில் மட்டும் 8 லட்சத்து 15 ஆயிரம் டன் இலக்குக்கு 14 லட்சத்து 80 ஆயிரம் டன் மிச்சம். கை தட்ட வேண்டியதுதான். ஆனால் வியாபாரி கை தட்டிவிட்டு உடனே இன்னொரு கேள்வியும் கேட்பான். சிமெண்ட் ஆலைகள் ஏறக்குறைய இரண்டு பங்கு சாதித்தன என்றால், அவர்கள் சூரர்களா, இலக்கு சுலபமா?

மண்டிக் கணக்கு சொல்லும் உண்மை

இதற்குப் பதிலைச் சான்றிதழ்ச் சந்தையே சொல்லிற்று. வெளியிட்ட சான்றிதழ்கள் 38 லட்சத்து 25 ஆயிரம். வாங்க வேண்டியிருந்தவை 14 லட்சத்து 25 ஆயிரம். வரத்து நாற்பது மூட்டை, கேட்பு பதினைந்து மூட்டை என்றால் மண்டியில் விலை என்ன ஆகும் என்று நமக்குத் தெரியும். முதல் சுற்று 2015 மார்ச்சில் முடிந்தது. வியாபாரம் தொடங்கியது 2017 செப்டம்பரில். இரண்டரை ஆண்டு சரக்குக் கிடங்கில் கிடந்தது. கைமாறியவை சுமார் 13 லட்சம் சான்றிதழ்கள். தொகை சுமார் 100 கோடி ரூபாய். சராசரி விலை 770 ரூபாய் அளவுதான்.

ஒரு சான்றிதழ் ஒரு கோடி கிலோ கலோரியைக் குறிக்கிறது. அதாவது இரண்டு டன் நல்ல நிலக்கரி. இரண்டு டன் கரி 770 ரூபாய்க்கு எந்த யார்டில் கிடைக்கும்? கரியை மிச்சம் பிடிக்க மிஷினில் பணம் போடுவதைவிடக் காகிதத்தை வாங்கி ஃபைலில் செருகுவது மலிவு என்று ஆகிவிட்டால், சோம்பேறி ஆலை எதைச் செய்யும்?

என் கருத்து இதுதான். தன் பழைய கணக்கோடு தன்னை ஒப்பிட்டுக் கொள்வது மட்டும் போதாது. தன்னைப் போன்ற ஆலைகளில் சிறந்த ஆலையோடு ஒப்பிட வேண்டும். 35 மார்க் வாங்கிய பையன் 45 வாங்கினால் பரிசு, 95 வாங்கிய பையன் 94 வாங்கினால் பிரம்படி என்றால் வகுப்பு உருப்படாது. "பாட்" திட்டத்தில் நன்றாக நடக்கும் ஆலைக்குச் சிறிய இலக்கும், பின்தங்கிய ஆலைக்குப் பெரிய இலக்கும் வைத்து இந்தக் குறையை ஓரளவு சரி செய்தார்கள் என்பது உண்மை. இருந்தாலும் அடிப்படை அவரவர் பழைய கணக்குதான். கொழுப்பு அதிகம் உள்ளவர் கொஞ்சம் இளைத்தால் பாராட்டு என்கிற நிலை முழுதாக மாறவில்லை.

வெளிநாட்டில் எப்படி?

ஹாலந்து தேசத்தில் 1999-ல் சர்க்காரும் பெரிய ஆலைகளும் ஓர் உடன்பாட்டில் கையெழுத்திட்டன. 2012-க்குள் எரிசக்திச் சிக்கனத்தில் உலகத்தின் முன்வரிசை ஆலைகளில் ஒன்றாக வந்து சேருவோம் என்று ஆலைகள் வாக்குக் கொடுத்தன. அதற்குப் பதிலாக, அந்த ஆலைகள் மீது எரிசக்திக்காகத் தனியாக வேறு கெடுபிடி செய்ய மாட்டோம் என்று சர்க்கார் வாக்குக் கொடுத்தது. நம் பேச்சில் சொன்னால், வாய்தாவோடு கூடிய ஒப்பந்தம். அளவுகோல் நேற்றைய நாம் அல்ல, உலகத்தின் சிறந்தவர்.

ஐரோப்பிய நாடுகள் 2013 முதல் ஆலைகளுக்கு இலவச கரியமில வாயு அனுமதி கொடுக்கும்போதும் இதே வழியைப் பின்பற்றின. ஒவ்வொரு சரக்கிலும் மிகச் சிறந்த பத்து சதவீத ஆலைகளின் சராசரியே அளவு. அதற்கு மேல் புகை விடுகிறவர் காசு கொடுத்து அனுமதி வாங்க வேண்டும். அமெரிக்காவில் ஒரு துறையின் முதல் கால் பங்கு ஆலைகளுக்கு மட்டும் "எனர்ஜி ஸ்டார்" முத்திரை கொடுக்கிறார்கள். எல்லாருக்கும் கொடுத்தால் முத்திரைக்கு மதிப்பு ஏது?

ஆலைக்காரர்களின் நியாயம்

எதிர்த் தரப்பையும் கேட்க வேண்டும். "எங்கள் கரியில் சாம்பல் அதிகம், எங்கள் கல் கடினம், எங்கள் ஆலை பழையது" என்பார்கள். அது நியாயமான பேச்சு. உருக்கில், இரும்புத் தாதுவை ஊதுலையில் உருக்கிச் செய்பவரையும், பழைய இரும்பை மின்சார உலையில் உருக்குபவரையும் ஒரே தராசில் வைக்க முடியாது. சிமெண்டிலும், சாம்பல் கலந்த சிமெண்டுக்குக் கிளிங்கர் குறைவு, ஆகவே எரிசக்தியும் குறைவு. கிளிங்கரை வெளியிலிருந்து வாங்கி அரைத்து மட்டும் விற்கும் ஆலையின் கணக்கு இன்னும் குறைவாகத் தெரியும். பொன்னியையும் பாஸ்மதியையும் ஒரே விலையில் ஒப்பிட முடியாதது போல. ஆகவே இனம் இனமாகப் பிரித்து, ஓட்டம் குறைந்த ஆண்டுக்குச் சலுகை கொடுத்து ஒப்பிட வேண்டும். ஆனால், ஒத்த தாது, ஒத்த முறை, ஒத்த வயது இருந்தும் டன்னுக்குக் கூடுதல் செலவு என்றால், அதற்குப் பெயர் ஊதாரித்தனம்.

"எங்கள் கணக்கு வெளியே தெரிந்தால் போட்டியாளர் பயன்படுத்திக் கொள்வார்" என்பது இன்னொரு வாதம். இதற்கும் வழி இருக்கிறது. உலகெங்கும் பெட்ரோலியச் சுத்திகரிப்பு ஆலைகள் தங்கள் கணக்குகளை சாலமன் என்கிற நிறுவனத்திடம் கொடுக்கின்றன. அது பெயரை மறைத்து வரிசைப்படுத்தி, "நீங்கள் இந்த இடத்தில் நிற்கிறீர்கள்" என்று அவரவருக்குச் சொல்கிறது. ரகசியமும் காப்பாற்றப்படுகிறது, யார் பின்தங்கியவர் என்பது அவருக்கே உறைக்கிறது.

இப்போது ஏன் பேச வேண்டும்?

2022-ல் சட்டம் மறுபடி திருத்தப்பட்டு, 2023 ஜூனில் கரியமில வாயு வர்த்தகத் திட்டம் அறிவிக்கப்பட்டது. 2025 அக்டோபரில் அலுமினியம், சிமெண்ட், காஸ்டிக் சோடா, காகிதம் ஆகிய தொழில்களின் ஆலைகளுக்கு டன்னுக்கு இவ்வளவு வாயு என்று இலக்குகள் வெளியாயின. அடிப்படை ஆண்டு 2023-24. இதிலும் அவரவர் பழைய கணக்கிலிருந்துதான் குறைப்பு தொடங்குகிறது. முதல் சுற்றில் சான்றிதழ் சந்தையில் தேங்கிய கதை திரும்பி வராமல் இருக்க வேண்டுமானால், இலக்கைச் சிறந்த ஆலையை நோக்கி இறுக்க வேண்டும். கணக்கு முடிந்த சில மாதத்திற்குள் சந்தை திறக்க வேண்டும். இனவாரியாகச் சிறந்தது, நடுத்தரம், கடைசி என்ற மூன்று எண்களைச் சாதாரண மனிதனுக்கும் புரியும் தமிழில், டன்னுக்கு இத்தனை யூனிட் என்று ஆண்டுதோறும் வெளியிட வேண்டும். நம் பேரமைப்புகள் மத்திய அரசுக்கு மனு அனுப்பும்போது ஜி.எஸ்.டி., உரிமம் இவற்றோடு இதையும் ஒரு வரி சேர்க்கலாம். அந்த எண் கையில் இருந்தால், "செலவு உயர்ந்துவிட்டது" என்று வரும் கடிதத்துக்கு, "உங்களைப் போன்ற ஆலைக்கு ஏன் உயரவில்லை?" என்று நாமும் பதில் எழுத முடியும்.

கேட்கிறவன் தன் வீட்டையும் பார்க்க வேண்டும். நமக்குச் சரக்குத் தரும் அரிசி மில், பருப்பு மில், எண்ணெய் மில், குளிர்பதனக் கிடங்கு ஆகியவை இந்தச் சட்டத்தின் வரம்புக்குக் கீழே இருப்பவை. அவற்றில் பல நம் உறுப்பினர்களுடையவை. குவிண்டாலுக்கு எத்தனை யூனிட் ஆகிறது என்று ஒவ்வொருவரும் பெயர் எழுதாமல், எண் மட்டும் இட்ட உறையில் சங்கத்திடம் கொடுத்தால், செயலாளர் வரிசைப்படுத்தி இந்த இதழிலேயே வெளியிடலாம். செலவு ஒரு பக்கக் காகிதம். கடைசியில் நிற்கிற மில்காரர் யார் என்று நமக்குத் தெரியாது, அவருக்குத் தெரியும். மறு மாதமே அவர் மோட்டாரையும் பெல்ட்டையும் போய்ப் பார்ப்பார்.

நூறு கிலோவுக்கு எத்தனை கிலோ என்று கேட்கத் தெரிந்த நமக்கு, டன்னுக்கு எத்தனை யூனிட் என்று கேட்பது புதிதல்ல. வரும் பொதுக்குழுவில் இதைப் பொருளாக எடுத்துக் கொள்ளும்படி நிர்வாகிகளையும் உறுப்பினர்களையும் கேட்டுக் கொள்கிறேன்.